வரவும் பற்றும்: புலம்பெயர் எழுத்தில் விடுபட்ட பத்தி

1

1994இல் இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் புலம்பெயர்ந்தோர் கதைகளைத் தொகுத்தபோது அதற்குப் 'பனியும் பனையும்' என்று பெயர் வைத்தார்கள். தொகுத்தது பெரிய காரியம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பெயர் தொகுப்பை விட்டு வெளியே வந்து ஒரு விமர்சனச் சட்டகமாகவே மாறிவிட்டது. பிறகு எங்கட எழுத்தைப் பற்றி ஆர் பேசினாலும் அந்த இரண்டு சொல்லுக்குள் நின்றுதான் பேசினார்கள். பனை விட்டுவந்த இடம், பனி வந்துசேர்ந்த இடம், இரண்டுக்கும் நடுவில் ஒரு மனம் கிடந்து தவிக்கிறது. இந்த வாய்பாட்டுக்குள் அடங்காத ஒரு சங்கதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது வாடகை.

நம்மவர்கள் கஷ்டத்தை எழுதவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கோப்பை கழுவியதும் ஒரு அறைக்குள் ஆறு பேர் படுத்ததும் எழுத்தில் வந்திருக்கின்றன. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) அகதி விண்ணப்பத்தின் வடிவத்தையே நாவலின் வாசலாக வைத்தது. செல்வம் அருளானந்தத்தின் 'எழுதித் தீராப் பக்கங்கள்' (2016) பாரிஸ் அறை வாழ்வைச் சிரிப்போடு சொன்னது. இவை விதிவிலக்குகள். பொதுவாக நம் எழுத்தில் கஷ்டம் ஒரு மனநிலையாக வருகிறது. ஆருக்கு ஆர் எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது, அதை ஆர் கட்டினார்கள், எந்த மணித்தியாலங்களை விற்றுக் கட்டினார்கள் என்ற உறவாக வருவதில்லை. இது தற்செயலான விடுபடல் அல்ல என்பது என் வாதம். ஏக்கத்தைப் பேசும்போது 'நாம்' என்று பேச முடிகிறது. கணக்கைத் திறந்தால் அந்த 'நாம்' உடைந்துபோகிறது. அதனால்தான் திறக்கவில்லை.

வாதத்தை வெளியில் இருந்து வைக்க எனக்கு அருகதை இல்லை. 1990களில் நானும் பனியைப் பற்றிக் கவிதை எழுதியவன். ஆகவே என் வீட்டுக் கணக்குக் கொப்பியையே ஒரு பிரதியாக எடுத்து வாசிக்கிறேன்.

2

நான் 1990 ஐப்பசியில் ரொறன்ரோவுக்கு வந்தேன். ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதினவன், எழுதாவிட்டால் நித்திரை வராது. சீ.ஆர். கொப்பி இஞ்ச கிடைக்காது. சுருள்கம்பி போட்ட பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று வாங்கி நடுவில் கோடு கிழித்து ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் பற்று என்று தொடங்கினேன். அந்தக் கொப்பி அண்மையில் வீடு மாறும்போது திரும்ப அகப்பட்டது. பெட்டியில் இருந்து எடுத்தது என் துணைவி.

முதல் பக்கத்தில் உள்ளவை: வாடகை 130 (செயின்ற் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் 780 டொலர் வீடு, ஆறு பேர்). கடைசி மாத வாடகை முன்பணம் 130. பழைய பனிச்சப்பாத்து. ரோக்கன். பிறப்பு அத்தாட்சிப் பத்திர மொழிபெயர்ப்பு. பிறகு, சிவப்பு மையில், ஏஜென்சி: அம்மாவின் காணி ஈடு, அக்காவின் நகை ஈடு.

இந்தப் பக்கத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வீடு எங்கள் ஒருவரின் பெயரிலும் இல்லை. நாங்கள் கேட்டுப்போன மூன்று இடத்திலும் 'கிரெடிட் ஹிஸ்டரி' கேட்டார்கள். அதாவது, இதற்கு முதல் கடன்பட்டு ஒழுங்காகக் கட்டியதற்கான சான்று. கழுத்தளவு கடனில் வந்திறங்கின ஆறு பேரைப் பார்த்து, உங்களுக்குக் கடன் வரலாறு இல்லை என்றார்கள். கடன் என்பது பொருளாதார உறவு மட்டுமல்ல, எதிர்காலத்தை வாக்குறுதியாக எழுதிக்கொடுக்கிற ஒரு தன்னிலையை உற்பத்தி செய்யும் அதிகாரமும் ஆகும் என்று மௌரிசியோ லாஸராட்டோ 2011இல் எழுதினார். சரிதான். ஆனால் எங்கள் அனுபவம் அதற்கு ஒரு அடிக்குறிப்பைச் சேர்க்கிறது. எல்லாக் கடனும் தன்னிலையை உண்டாக்குவதில்லை. காணியை ஈடு வைத்த கடன் இந்த நாட்டுப் பேரேட்டில் கடனாகவே பதிவாகாது. வங்கிக்குப் பட்ட கடன் மனிதனாக்கும், அம்மாவுக்குப் பட்ட கடன் எங்கேயும் எழுதப்படாது.

அனுபவத்துக்கும் இதே கதிதான். ஒன்பது வருடம் கணக்கெழுதியது 'கனடிய அனுபவம்' ஆகாது. அனுபவம் பெற வேலை வேண்டும், வேலை பெற அனுபவம் வேண்டும். இதைப் பாகுபாடாகவே கொள்ளலாம் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இல்தான் கொள்கை வெளியிட்டது. வேலை விளம்பரங்களில் கனடிய அனுபவம் கேட்பதைத் தடுக்கும் மாகாணச் சட்டம் 2024இல் நிறைவேறி, அமுலுக்கு வர 2026 ஜனவரி என்று நாள் குறிக்கப்பட்டது. நான் வந்து 35 வருடத்துக்குப் பிறகு. அகதிக் கோரிக்கையாளருக்குக் கொடுக்கிற சமூகக் காப்புறுதி இலக்கம் 9இல் தொடங்கும், தற்காலிகமாக இருப்பவர்களுக்கான இலக்கம் அது. வேலைக்கு எடுக்கிறவன் முதல் எண்ணைப் பார்த்தே கூலியைத் தீர்மானித்துவிடுவான். 'நைன் நம்பரோ?' என்று ஒரு மேற்பார்வையாளர் கேட்டது இன்னும் காதில் கிடக்கிறது. அந்தக் கேள்வி எந்தக் கவிதையிலும் வரவில்லை, என்னுடையதிலும் வரவில்லை.

3

இனி ஒரு பக்கத்தை மட்டும் நெருங்கி வாசிக்கலாம். 1995 கார்த்திகை.

வரவு: சம்பளம் 1,040. சீட்டு 3,400. மற்றவை 300.

பற்று: வாடகை 650. லாண்டிங் 1,950. ரெலிபோன் 412. சீட்டு 200. ஊருக்கு 300. சாப்பாடு, பஸ்.

லாண்டிங் என்று இருப்பது நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம். 1995 பெப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் கனடிய அரசு வயதுவந்த ஒவ்வொருவருக்கும் 975 டொலர் என்று விதித்தது. மனுக் கட்டணம் வேறு. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவரும் கட்ட வேண்டும். அப்போது ஒன்ராறியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6.85. நானும் துணைவியும் 285 மணித்தியாலம், ஏறக்குறைய ஏழு கிழமை, வேறெதற்கும் செலவழிக்காமல் உழைத்தால்தான் 'இனி நீங்கள் இருக்கலாம்' என்ற வசனம் கிடைக்கும். உயிர் தப்பி வந்ததற்கு அரசு பாதுகாப்புத் தந்தது, பிறகு அதற்கு விலைச்சீட்டு ஒட்டியது.

இதை அப்போதே பலர் தலைவரி என்றார்கள். அது மிகைப்பட்ட சொல்லல்ல. கனடா 1885இல் சீனர்கள்மேல் 50 டொலர் தலைவரி விதித்து, 1900இல் 100 ஆக்கி, 1903இல் 500 ஆக்கியது. ரயில்பாதை போட்டு முடியும் தறுவாயில் வந்த வரி அது. 1923இல் சீனர் வருகையையே ஏறத்தாழ முற்றாகத் தடைசெய்யும் சட்டம் வந்து 1947 வரை இருந்தது. தலைவரிக்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2006இல். லாண்டிங் கட்டணத்தைப் பாதியாக்கி 490 ஆகக் குறைத்ததும் அதே 2006இல்தான். அகதிகளுக்கு அது 2000இலேயே நீக்கப்பட்டிருந்தது. மற்றவர்களுக்குத் திரும்ப ஏறி 2024இல் 575 ஆனது. மன்னிப்பும் கட்டணமும் ஒரே கையெழுத்தில் வரக்கூடியவை என்பதை வரலாறு எழுதுகிறவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே என் கொப்பியில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்தாக வேண்டும். நாங்கள் வாடகை கட்டிய நிலம் ஆருடையது? இன்றைய ரொறன்ரோவின் பெரும்பகுதி மிசிசாகா மக்களிடமிருந்து 1787இல் 'வாங்கியதாக'ச் சொல்லப்பட்டது. பத்திரம் சரியில்லை என்று 1805இல் திரும்ப எழுதியபோது கொடுத்த விலை 10 சிலிங். அந்தக் கொடுக்கல்வாங்கல் அநியாயம் என்ற கோரிக்கை 2010இல் 145 மில்லியன் டொலருக்குத் தீர்க்கப்பட்டது. ஈழத்தமிழன் காதில் 'குடியேற்றம்' என்ற சொல் கல்லோயாவில் இருந்து ஒலிக்கும். அரசு ஆட்களைக் கொண்டுவந்து இருத்தி எங்கட நிலத்தின் கணக்கை மாற்றுவது என்பதே அதன் பொருள். அதே சொல்லை எந்தக் கூச்சமும் இல்லாமல் இங்கே எங்களுக்கு நாங்களே சூட்டிக்கொண்டோம். பனையை இழந்தவன் என்ற கதையாடலுக்குள், பிறரின் நிலத்தில் வீடு எடுத்தவன் என்ற வரி நுழையவே இல்லை.

அடுத்தது, ரெலிபோன் 412. 1995 ஐப்பசி 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தது. யாழ்ப்பாணத்துக்கு 1990இல் இருந்தே ரெலிபோன் இல்லை. கொழும்புக்கு எடுத்தேன், வவுனியாவுக்கு எடுத்தேன், லண்டனில் இருந்த ஒன்றுவிட்ட அண்ணைக்கு எடுத்தேன். எல்லாரும் ஒரே பதில்தான்: 'ஒண்டும் தெரியாதடாப்பா.' அம்மா கைதடிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரிப் பக்கம் போய்ச் சேர்ந்தா என்று தெரிய மூன்று கிழமை ஆனது. அந்த நாட்களில் நான் ஒரு நீண்ட கவிதை எழுதினேன். அது அச்சாகி, வாசித்தவர்கள் கண்கலங்கினதாகச் சொன்னார்கள். கவிதையில் பாலம் இருக்கிறது, மழை இருக்கிறது, அம்மாவின் சேலை இருக்கிறது. பில் இல்லை. அந்தப் பில்லைக் கட்ட இரண்டு சனிக்கிழமை ஓவர்டைம் செய்ததும் இல்லை.

கணக்கு இலக்கியமாகாது என்று ஒரு தரப்பு சொல்லும். கணக்கெழுதுவது மட்டும் இலக்கியமாகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏக்கம் மட்டும் எப்படித் தானாகவே இலக்கியமாகிறது? ஏக்கத்துக்கும் நிமிடத்துக்கு இவ்வளவு என்று விலை இருந்தது. விலையைக் கழற்றிவிட்டு ஏக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வது அழகியல் தெரிவு மட்டுமல்ல, அரசியல் தெரிவும்தான்.

4

பிரான்சில் வாழ்ந்த அல்ஜீரியச் சமூகவியலாளர் அப்தெல்மலெக் சயாத் 1998இல் இறந்தார். 'இரட்டை இன்மை' என்று பொருள்படும் அவருடைய நூல் அடுத்த வருடம் பியர் பூர்தியூவின் முன்னுரையோடு வந்தது. அவர் சொன்ன ஒரு விஷயம் எங்களுக்கு மிகவும் வேண்டியது. புலம்பெயர்ந்தவர் ஊருக்கு அனுப்பும் செய்தியில் கஷ்டத்தை மறைக்கிறார். ஊரும் அந்த மறைப்பை விரும்பி ஏற்றுக்கொள்கிறது. இரண்டு தரப்பும் சேர்ந்து செய்கிற இந்தப் பொய்யால்தான் அடுத்த ஆள் கிளம்பி வருகிறார்.

1991 மாசியில் ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். ஆரோ ஒருவரின் காருக்கு முன்னால், அறைத்தோழரின் ஜக்கெற்றில், சிரித்தபடி. கடிதத்தில் 'இங்கு நான் நலம், வேலை பரவாயில்லை' என்று எழுதினேன். அந்தப் படத்தை நம்பி அம்மா மிச்சக் காணியையும் ஈடு வைத்துத் தம்பியை அனுப்பினா. 1993இல் அவன் வந்து சேர்ந்தபோது நாங்கள் நிலக்கீழ் அறையில் இருந்தோம். சன்னலுக்கு வெளியே ஆட்களின் கால் மட்டும் தெரியும். அவன் பையை இறக்கி வைக்காமல் நின்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: 'அண்ணை, உதைத்தான் கடிதத்தில எழுதாம விட்டனியோ?'

நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு விமர்சகனாகச் சொல்ல ஒரு பதில் உண்டு. என் கடிதமும் என் கவிதையும் ஒரே வகையான பிரதிகள். ஒன்று கஷ்டத்தை நலமாக மாற்றியது, மற்றது கஷ்டத்தை அழகாக மாற்றியது. இரண்டிலும் தொகை விடுபட்டது. தம்பிக்கு வேண்டியிருந்தது தொகை. வருகிறவர்களுக்கு இன்றைக்கும் அதுதான் வேண்டும். மாணவராக வருகிறவர் வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய காசை 2024 ஜனவரியில் அரசு 10,000 டொலரில் இருந்து 20,635 ஆக்கியது. அரசு தன் கணக்கைப் பகிரங்கமாக எழுதுகிறது. நாங்கள்தான் எங்கட கணக்கை ஒளித்து வைத்திருக்கிறோம்.

5

சீட்டு 3,400. இருபது பேர், மாதம் 200. நாலாயிரம் வர வேண்டும். லாண்டிங் காசு உடனே தேவைப்பட்டதால் 600 கழித்துக் கேட்டு எடுத்தேன். வங்கி கதவைச் சாத்தியபோது சீட்டுத்தான் திறந்தது. அகதிகளின் பரஸ்பர உதவி, மாற்றுப் பொருளாதாரம் என்றெல்லாம் இதை நானே கூட்டங்களில் புகழ்ந்திருக்கிறேன். சீட்டுக்குப் பிணைக் கையெழுத்து இல்லை, ஊர்தான் பிணை. பிரச்சினை அந்த இடத்தில்தான் இருக்கிறது.

எங்கள் அறையில் இருந்த ஆறு பேரில் ஒருவரைச் சீட்டில் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். சீட்டுப் பிடித்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். 'தம்பி, அவை எங்கட ஆக்களில்லை. நாளைக்குக் காசு நிண்டா ஊரில ஆரிட்டப் போய்க் கேக்கிறது?' குரலில் கோபமில்லை, கணக்குத்தான் இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் வந்து, 'இடமில்லையாம்' என்று தோழரிடம் சொன்னேன். அவருக்கு விளங்கியிருக்கும். அவர் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வெளியில் எடுத்தார். அடுத்த தைக்கு முதல் வேறு அறைக்குப் போய்விட்டார். ஒரே நாடு, ஒரே கடுங்குளிர், ஒரே வேலைத்தலம், ஆனால் குடியமர்வதற்கு அவர் கட்டிய விலை வேறு. வித்தியாசத்தின் பெயர் சாதி. 'புலம்பெயர்ந்த தமிழர்' என்ற ஒற்றைத் தன்னிலை இந்த வட்டியைக் கூட்டிப் பார்த்தால் நிற்காது. அவருடைய வட்டி என் கொப்பியில் இல்லை. என் மௌனம் மட்டும் சீட்டு வரவாக அங்கே பதிந்து கிடக்கிறது.

6

மிச்சமிருப்பது 'மற்றவை 300'.

அண்மையில் கொப்பியைக் கையில் எடுத்த துணைவி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனா. பிறகு ஒரு விரலை வைத்துக் கேட்டா: 'உதென்ன மற்றவை?' எனக்கு உடனே நினைவு வரவில்லை. அவவே சொன்னா: 'நான் பிள்ளையள் பாத்த காசு.'

1993இல் இருந்து 38 மாதம், வேலைக்குப் போகும் இரண்டு குடும்பங்களின் மூன்று பிள்ளைகளை அவ எங்கள் நிலக்கீழ் அறையில் வைத்துப் பார்த்தா. காலை ஆறுக்குக் கொண்டுவந்து விடுவார்கள், பின்னேரம் ஆறரைக்குக் கூட்டிப்போவார்கள். வாரக் கடைசியில் தருகிற காசை அவ என்னிடம் தருவா, நான் எழுதுவேன். என் சம்பளத்துக்குச் 'சம்பளம்' என்று எழுதினேன். அவவுடையதற்கு 'மற்றவை' என்று எழுதினேன். தம்பி மூன்று மாதம் தந்த சாப்பாட்டுக் காசுக்குக்கூட அவன் பெயர் இருக்கிறது. இரவு கூட்டிப் பார்த்தேன். 38 மாதமும் சேர்த்து 11,400 டொலர். என் ஏஜென்சிக் கடன் வட்டியும் முதலுமாக 9,600. என்னைக் கனடாவுக்குக் கொண்டுவந்த கடனை அடைத்தது அவவின் காசு. கடன் அடைந்ததை ஒட்டி நான் வீட்டில் ஒரு சின்ன விருந்து வைத்தேன், நண்பர்கள் என்னைப் பாராட்டினார்கள்.

வீட்டு வேலை கூலியில்லாத உழைப்பு என்று சில்வியா ஃபெடரிச்சி 1975இல் எழுதியதைப் படித்திருந்தேன், பேசியும் இருக்கிறேன். ஆனால் இது கூலி கிடைத்த உழைப்பு. கூலி கைக்கு வந்து, எண்ணப்பட்டு, எழுதப்பட்டு, அதன் பிறகு பெயர் மட்டும் அழிக்கப்பட்டது. அழித்தவன் முதலாளி அல்ல, அரசும் அல்ல. கோடு கிழித்த கொப்பியும் பேனையும் வைத்திருந்த ஒரு இடதுசாரி. அந்த வருடங்களில் நான் இங்கத்தைய சிறுபத்திரிகை ஒன்றில் உழைப்பும் அந்நியமாதலும் பற்றி இரண்டு பகுதியாக எழுதினேன். எழுதும்போது பக்கத்தில் பிள்ளைகள் சத்தம் போட்டால், 'கொஞ்சம் அடக்கி வையுமன்' என்று சொல்வேன். அவ மூன்று பிள்ளைகளையும் லொண்டரி அறைக்குக் கூட்டிப்போய் அங்கே கதை சொல்லிக்கொண்டு இருப்பா. அந்த அறையின் சூடும் சோப்பு மணமும் என் கட்டுரைக்குள் வரவில்லை.

பற்று என்றால் செலவு, பற்று என்றால் பாசமும்தான். மண்மேல் உள்ள பற்றை எழுதின அளவுக்குக் கொப்பியில் உள்ள பற்றை எழுதவில்லை என்று தொடங்கித்தான் இந்தக் கட்டுரையை நினைத்தேன். எழுதி முடிக்கையில் தெரிகிறது, நான் வரவையும் சரியாக எழுதவில்லை.

ஆகவே நம் விமர்சகர்களிடம் ஒரு வேண்டுகோள். புலம்பெயர் பிரதி ஒன்றை எடுத்தால், இதில் ஊர் எப்படி நினைவுகூரப்படுகிறது என்று கேட்பதற்கு முதல், இந்த வீட்டுக்கு வாடகை ஆர் கட்டினார்கள் என்று கேளுங்கள். பாத்திரம் கவிதை எழுதினால் அந்நேரம் பிள்ளையை ஆர் வைத்திருந்தார்கள், சீட்டுக் கிடைத்தால் ஆருக்குக் கிடைக்கவில்லை, நிலம் வாங்கினால் ஆரிடமிருந்து என்று கேளுங்கள். இவை இலக்கியத்துக்கு வெளியில் நின்று கேட்கிற கேள்விகள் அல்ல. பிரதி எதை மறைத்துத் தன் அழகைச் சம்பாதித்தது என்ற கேள்விகள்.

கொப்பியில் 'மற்றவை'யை வெட்டிவிட்டுப் பெயரை எழுதட்டோ என்று துணைவியைக் கேட்டேன். 'இப்ப வெட்டி என்ன? அப்பிடியே கிடக்கட்டும். ஏன் அப்பிடி எழுதினனீங்கள் எண்டதை எழுதுங்கோ' என்றா. எழுதியிருக்கிறேன். உங்கட வீடுகளிலும் இப்படிக் கொப்பிகள் எங்கேயாவது கிடக்கும். வீடு மாறும்போது எறிந்துவிடாதீர்கள். எடுத்து ஒருக்கா கூட்டிப் பாருங்கோ. 'மற்றவை' என்று எழுதியிருக்கிற இடத்தில் இருந்து தொடங்குங்கோ.